பக்கத்துப் பெண்ணின் புத்தகத்தை எட்டிப் பார்க்க முடியாத வகுப்பு

#1 அரியலூர்க்காரி (செவ்வாய், இரவு 10:14)

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஜூனிலிருந்து அவர்கள் வகுப்பில் அச்சுப் புத்தகம் கிடையாது. தமிழ் உட்பட எல்லாப் பாடமும் பள்ளி கொடுத்த டேப்லெட்டில்தான். முதல் வாரம் வீட்டில் கொண்டாட்டம். போன வருடம்வரை அவள் தோளில் பையின் வார் பதிந்த தடத்துக்கு நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள். இப்போது பையில் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், டேப்லெட், இரண்டு நோட்டு. அவ்வளவுதான்.

போன வியாழன் இரவு டேப்லெட்டைச் சார்ஜில் போட மறந்துவிட்டாள். வெள்ளி இரண்டாவது பீரியடில் அது அணைந்துபோனது. நான் படித்த காலத்தில் புத்தகம் மறந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவள் தன் புத்தகத்தைப் பெஞ்சின் நடுவுக்கு நகர்த்துவாள். டீச்சரும் கண்டுகொள்ளமாட்டார். இங்கே அதற்கு வழியில்லை. ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல். பாடத்தின் நடுவே வரும் கேள்விகளுக்கு அவரவர் திரையில் அவரவர்தான் விடையைத் தொட வேண்டும். ஆகவே, பின்சுவரில் பிளக் பாயின்ட் இருக்கும் இடத்துக்கு என் மகளை அனுப்பிவிட்டார்கள். சுவரைப் பார்த்தபடி, வகுப்புக்கு முதுகு காட்டிக்கொண்டு, இரண்டு பீரியடு உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுக்கு நான்கு நெருங்கிய சிநேகிதிகள் உண்டு. மதியம் ஐந்து டப்பாவையும் திறந்து வைத்துக் கலந்துகட்டிச் சாப்பிடுகிற கூட்டம். அன்று ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். “டீச்சர் திட்டியதுகூடப் பரவாயில்லை அம்மா” என்று தொடங்கினாள், அதற்குமேல் பேசவில்லை. ஞாயிறு இரவு விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்கிறாள்: “அவர்கள் என் சிநேகிதிகள்தானே?”

கருவியின் மேல் தேவையில்லாமல் பழி போடுகிறேனா? பிள்ளைகளை இப்படிப்பட்ட வகுப்பில் விட்டிருப்பவர்கள், ஆசிரியர்கள், யாராக இருந்தாலும் நேரில் கண்டதை எழுதுங்கள். அறிவுரை கொஞ்சம் குறைவாக இருந்தால் நல்லது.

#2 மூன்றாம் பெஞ்சு (செவ்வாய், இரவு 10:51)

அறிவுரை வேண்டாம் என்கிறீர்கள். இருந்தாலும் ஒன்று: சார்ஜில் போடச் சொல்லுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். 1994இல் நான் ஒன்பதாம் வகுப்பு. மூன்றாம் பெஞ்சில் இரண்டு பேருக்கு நடுவே என் இடம். இருவரும் ஒரே தெருக்காரர்கள். வருடம் முழுக்க என் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள். என் புத்தகத்தை இருவரும் பார்ப்பார்கள், என் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொள்வார்கள், நான் சொன்ன நகைச்சுவைக்கு மட்டும் சிரிக்கமாட்டார்கள். அப்போது எங்கே இருந்தது டேப்லெட்? பழுப்புக் காகித அட்டை போட்ட புத்தகம்தான் இருந்தது. அது என்னைக் காப்பாற்றவில்லை.

பையின் பாரத்தையும் லேசாக எண்ணாதீர்கள். எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் நியமன உறுப்பினராக இருந்தபோது 1989இல் மாநிலங்களவையில் பேசிய முதல் பேச்சே பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றித்தான். அதன் பிறகு பாடச் சுமையை ஆராய யஷ்பால் குழு வந்து 1993இல் அறிக்கை கொடுத்தது. பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று 2020இல் மத்திய அரசின் கொள்கையே சொன்னது. நாற்பது கிலோ பெண்ணுக்கு நான்கு கிலோ. முப்பது வருடமாக யாராலும் குறைக்க முடியாத பாரத்தை ஒரு டேப்லெட் குறைத்திருக்கிறது. அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பிறகு குறை சொல்லுங்கள்.

#3 கணக்கு வாத்தியார் (புதன், காலை 5:40)

திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர் நான். எங்கள் கதை தலைகீழ்.

2018இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகம் வந்தது. பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு அச்சடித்திருந்தார்கள். வகுப்பில் ஒரே ஒரு கைபேசி, அதுவும் என்னுடையது. ஆறாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். சூரிய மண்டலம் சுற்றுகிற காணொளியைப் பார்க்க முப்பத்தொரு தலையும் என் மேசையை மொய்க்கும். உயரமானவன் குனிய வேண்டும், குட்டையானவள் ஸ்டூலில் ஏற வேண்டும், கைபேசியை யார் பிடிப்பது என்பதற்குத் தனிச் சண்டை. எங்களிடம் டிஜிட்டல் பாடம் கூட்டத்தைக் கூட்டியதே தவிர யாரையும் தனியாக்கவில்லை. காரணம் எங்கள் கெட்டிக்காரத்தனம் அன்று. எங்களிடம் வேறு கைபேசி இல்லை.

ஆளுக்கொரு திரை வந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்தேன். 2020 மார்ச்சில் மூடிய பள்ளியை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. நடுவில் கல்வித் தொலைக்காட்சி ஓடியது, நாங்கள் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினோம். என் வகுப்பில் இரண்டு பையன்கள், ஒரே தெரு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே இணைபிரியாதவர்கள். ஒருவன் அப்பாவிடம் தொடுதிரைக் கைபேசி. மற்றவன் வீட்டில் பொத்தான் கைபேசி. முதல் இரண்டு மாதம் இவன் அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். தொற்று பயத்தில் அவன் வீட்டார் வர வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றரை வருடம் அந்தக் குழுவில் நடந்த கேலி, பட்டப்பெயர், சண்டை, சமாதானம் எதிலும் இவன் இல்லை. பள்ளி திறந்த அன்று இருவரும் பழைய இடத்திலேயே ஒட்டி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லி வெடித்துச் சிரிக்கிறார்கள், இவனும் சேர்ந்து சிரிக்கிறான். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது.

பாடத்தில் பின்தங்கியதை, தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்திய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் ஓரளவு ஈடுகட்டினோம். அந்தச் சிரிப்பில் பின்தங்கியதை ஈடுகட்ட எங்களிடம் திட்டம் இல்லை.

#4 செவிவழி (புதன், காலை 9:22)

எல்லோரும் அச்சுப் புத்தகத்துக்காக உருகும் முன் என் பக்கத்தையும் கேளுங்கள். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. 2003இல் பிளஸ் டூ எழுதினேன். பிரெயில் புத்தகம் பாதிப் பாடங்களுக்குக்கூடக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு நண்பன்தான் தினமும் மாலை ஆறு மணிக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து வரலாறு, பொருளாதாரம் எல்லாம் படித்துக் காட்டுவான். கேசட்டிலும் பதிவு செய்து கொடுப்பான்.

அழகான காட்சி, இல்லையா? இப்போது உள்ளிருந்து சொல்கிறேன். அவனுக்குக் கிரிக்கெட் என்றால் அன்று பாடம் இல்லை. அவன் தவறாக உச்சரித்தால் திருத்தத் தயங்குவேன், மனம் நொந்து நாளை வராவிட்டால்? ஒரே வரியை மூன்றாம் முறை படிக்கச் சொல்லக் கூச்சமாக இருக்கும். பொதுத்தேர்வுக்குச் சற்று முன்பு ஒரு சின்னச் சண்டை. நான்கு நாள் அவன் வரவில்லை. கையில் புத்தகம் இருந்தது. காகிதம் வழவழவென்று இருந்தது. அந்த நான்கு நாளைப் பற்றி யாரும் மலரும் நினைவுகள் எழுதமாட்டார்கள்.

பிறகு கல்லூரியில் என்விடிஏ கிடைத்தது. பார்வையற்ற ஆஸ்திரேலியர்கள் இருவர் 2006இல் தொடங்கிய திரைவாசிப்பு மென்பொருள், இலவசம். தமிழை அது படிக்கும் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியதுபோல இருக்கும். எனக்கு அது தேனாக இருந்தது. நள்ளிரவு இரண்டு மணிக்கு, ஒரே பத்தியை ஏழு முறை, யாரிடமும் கெஞ்சாமல் கேட்டேன். டிஜிட்டல் பாடநூல் என்றால் எனக்கு அதுதான். ஆனால் ஒழுங்கான யூனிகோடு எழுத்தில் இருக்க வேண்டும். பக்கத்தைப் புகைப்படம் எடுத்துப் பிடிஎஃப் ஆக்கிவிட்டு ‘டிஜிட்டல்’ என்று பெயர் வைத்தால் எனக்கு அது வெற்றுக் காகிதம். அப்படிப்பட்டவையும் நிறையக் கிடைத்திருக்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கணினி வாங்கிய மாதம், ஒரு மாலை அந்த நண்பன் வந்திருக்கிறான். நான் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “படிக்கிறான் போலிருக்கிறது, இருக்கட்டும் அம்மா” என்று சொல்லிப் போய்விட்டானாம். இரவு சாப்பிடும்போதுதான் அம்மா சொன்னார். அதன் பிறகு அவன் ஆறு மணிக்கு வந்ததில்லை. கல்யாணத்தில், கோயில் திருவிழாவில் பார்த்தால் நன்றாகத்தான் பேசுகிறோம்.

#5 மூன்றாம் பெஞ்சு (புதன், காலை 9:50)

@செவிவழி, இதை இரண்டு முறை படித்தேன். நீங்கள் போய்க் கூப்பிட்டிருக்கலாமே என்று எழுத வந்து அழித்துவிட்டேன். எனக்கும் அந்த மூன்றாம் பெஞ்சுக்காரர்கள் இருவரின் எண்ணும் கைபேசியில் இருக்கிறது. நானும் கூப்பிட்டதில்லை.

#6 வடதிசை (புதன், மதியம் 1:15)

ஸ்வீடனிலிருந்து எழுதுகிறேன். “ஸ்வீடனே கணினியைத் தூக்கி எறிந்துவிட்டது” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒருமுறை யாராவது அனுப்புகிறார்கள். இந்த இழையிலும் அது வரும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

யாரும் தூக்கி எறியவில்லை. 2023இல் அப்போதைய பள்ளித்துறை அமைச்சர் லோட்டா எட்ஹோல்ம் அச்சுப் புத்தகத்துக்கு மறுபடி முன்னுரிமை என்றார். கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சிறு பிள்ளைகளுக்குத் திரை உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம் என்ற கருத்தை எழுத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டுக்கு மட்டும் புத்தகம் வாங்க 685 மில்லியன் குரோனா ஒதுக்கினார்கள். என் பெரியவள் இப்போதும் கட்டுரையை மடிக்கணினியில்தான் எழுதுகிறாள். சின்னவனுக்குப் புது அச்சுப் புத்தகம் வந்திருக்கிறது.

அரியலூர்க்காரி கேட்ட கேள்விக்கு வருகிறேன். புத்தகம் வந்ததால் சின்னவனுக்கு நண்பன் வந்தானா? வரவில்லை. ஸ்வீடிஷ் பேசத் தடுமாறிய ஒரு வருடம் முழுக்க ஓய்வு நேரத்தில் கால்பந்துத் திடலின் ஓரம் நின்றிருந்தான். இதமாகப் பேசும் பிள்ளைகள், அழகாக “ஹேய்” சொல்லும் பிள்ளைகள், பனிரெண்டு பேர். பனிரெண்டு பேருக்கு நடுவே நின்றான். அச்சா திரையா என்ற விவாதம் கண்ணுக்கும் மூளைக்கும் உரியது. இதற்கு மருந்து வேறு எங்கோ இருக்கிறது. எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு நாள் பந்து அவன் காலடியில் வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

#7 எலிக்குட்டி (புதன், மாலை 5:03)

நான் பதினொன்றாம் வகுப்பு. இங்கே நான் ஒருத்திதான் உண்மையிலேயே பள்ளிக்குப் போகிறவள் என்று நினைக்கிறேன்.

பெரியவர்களே, மயிலிறகு குட்டி போட்ட கதையை யாரும் இன்னும் எழுதாததற்கு நன்றி.

எங்கள் பள்ளியிலும் பாடம் டேப்லெட்டில்தான். அதனால் நாங்கள் பேசுவதே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒருத்தி வேதியியலில் மஞ்சள் கோடு போட்டால் அது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறோம். ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொள்கிறோம். தேர்வுக்கு முந்தின இரவு ஒன்பது பேர் ஒரே பக்கத்தில் இருந்திருக்கிறோம். அது உங்கள் பெஞ்சைவிடப் பெரிய பெஞ்சு.

என்னைத் தனியாக்கியது பாடநூல் அன்று. எங்கள் குழுவில் ஆறு பேர். ஆறு பேருக்கு ஒரு சாட் குழு உண்டு. பிப்ரவரியில் ஒருத்தி கணக்குப் பாடத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை அனுப்பினாள். அதன் மேல்விளிம்பில், வந்துகொண்டிருந்த இன்னொரு செய்தியின் அறிவிப்பும் சேர்ந்து பதிந்திருந்தது. வேறொரு குழுவின் பெயர், அதில் ஐந்து பேர். நான் இல்லாத ஐந்து பேர். நான் பார்த்துவிட்டேன் என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள். நானும் வழக்கம்போல உட்கார்ந்தேன்.

ஆன்ட்டி, உங்கள் மகள் உங்களிடம் கேட்டிருக்கிறாளே, அது பெரிய விஷயம். நான் என் அம்மாவிடம் கேட்கவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம்தான் சொல்கிறேன்.

#8 சுவோன் வாசி (புதன், இரவு 8:37)

கொரியாவில் எட்டு வருடமாக இருக்கிறோம். என் மகன் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பில் இருந்தபோது அந்தப் பரிசோதனைக்குள் மாட்டிக்கொண்டான்.

2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல் என்று ஆங்கிலம், கணிதம், தகவலியல் மூன்றுக்கும் கொண்டுவந்தார்கள். தொடக்கப்பள்ளியில் மூன்று, நான்காம் வகுப்புகள், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் முதல் ஆண்டு. எல்லாப் பள்ளிக்கும் கட்டாயம் என்றுதான் முதலில் சொன்னார்கள். 2024இலேயே ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். கடைசியில் பள்ளியே முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். தேகு நகரில் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் சேர்ந்தன, பல ஊர்களில் பெரும்பாலான பள்ளிகள் ஒதுங்கிக்கொண்டன. ஆகஸ்டில் சட்டத்தையே திருத்தி, அது பாடநூல் அன்று, துணைக் கருவிதான் என்று இறக்கிவிட்டார்கள். அரை வருடத்தில் ஏறி இறங்கிய பல்லக்கு.

என் மகன் சொன்ன ஒன்றுதான் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கணிதப் புத்தகம் ஒவ்வொரு பிள்ளையின் திறனுக்கு ஏற்ப வேறு வேறு கணக்கு கொடுக்கும். ஆசிரியருக்கு அது வரப்பிரசாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், “எட்டாவது கணக்கு உனக்கு வந்ததா?” என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்க முடியாது. அவனுடைய எட்டாவது கணக்கு வேறு. விடையை ஒப்பிட முடியாது, காப்பியடிக்க முடியாது, “இந்தக் கணக்கு கொடுமையடா” என்று சேர்ந்து திட்டக்கூட முடியாது.

இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டவனை ‘வாங்தா’ என்பார்கள். அதற்கு எப்போதும் ஒதுக்குகிற கூட்டம் ஒன்று வேண்டும். யாரும் யாரையும் ஒதுக்காமலேயே இருபத்திரண்டு பேரும் தனித்தனியாக இருப்பதற்கு என்ன சொல் என்று என் மகனைக் கேட்டேன். “கணக்கு வகுப்பு” என்றான்.

#9 கேட்டுக்கொண்டிருப்பவள் (வியாழன், காலை 6:58)

பத்து வருடமாகப் பள்ளிகளில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். மேலே சிலர் இரண்டு வேறு விஷயங்களை ஒரே சொல்லால் எழுதுகிறீர்கள்.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இலேயே தனிமையைப் பிரித்துச் சொன்னார். சேர்ந்திருக்க ஒரு வட்டம் இல்லாதது ஒன்று. வட்டம் இருந்தும் மனத்தைத் திறக்க ஒருவர் இல்லாதது இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது. வடதிசையின் மகனுக்கு இருந்தது முதலாவது. எலிக்குட்டிக்கு இரண்டாவது. அதனால்தான் அவள் நடுவே உட்கார்ந்துகொண்டு தவிக்கிறாள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் வகுப்புக் குழுப் படத்தில் நடுவில் நிற்பவர்கள்.

உலக சுகாதார அமைப்பு 2025இல் வெளியிட்ட அறிக்கையில், உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று இருக்கிறது. 13 முதல் 29 வயதுக்குள் 17 முதல் 21 சதவீதம்; அதிலும் பதின்வயதினர்தான் அதிகம். நம் வீடுகளில் தனிமை என்றதும் பாட்டி தாத்தா நினைவுதான் வருகிறது.

என் அனுபவத்தில் சொல்கிறேன்: பதிமூன்று வயதில் நட்பு பேசி வளர்வதைவிடக் கைமாற்றி வளர்கிறது. அழிப்பான், புத்தகம், மிட்டாய், நோட்டு. “கொடு”, “இந்தா”, “நாளைக்குத் தருகிறேன்”. கடன் வாங்கியவளுக்கு மறுநாள் திருப்பிக் கொடுக்க ஒரு காரணம் இருக்கிறது. டேப்லெட்டைக் கடன் கொடுக்க முடியாது. அதற்காக டேப்லெட்டை எறியச் சொல்லவில்லை, செவிவழி எழுதியதைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. வாரத்தில் சில பீரியடுகளாவது இரண்டு பேருக்கு ஒரு கருவி என்று வைக்கச் சொல்லி நான் பள்ளிகளிடம் கேட்டிருக்கிறேன். ஒரு பள்ளியில் கேட்டதற்கு, “பெற்றோர் ஆளுக்கொன்றுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்” என்று பதில் வந்தது.

எலிக்குட்டி, தனிமடலில் எழுதுகிறேன். பார்.

#10 வடமராட்சியான் (வியாழன், காலை 11:30)

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்களுக்குப் பாடநூல் இலவசம், 1980இலிருந்து. நான் படித்த பாடசாலையில் ஆண்டு முடிய நல்ல நிலையில் இருந்த புத்தகங்களைத் திருப்பி வாங்கி அடுத்த வகுப்புக்குக் கொடுப்பார்கள். உள்அட்டையில் வரிசையாகப் பெயர் எழுதியிருக்கும், ஆண்டும் வகுப்பும் போட்டு. எட்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த விஞ்ஞானப் புத்தகத்தில் எனக்கு முன் மூன்று பெயர்கள். இரண்டாவது பெயர்க்காரன் விளிம்பு முழுக்கப் படம் கீறி வைத்திருந்தான். தவளையின் குருதிச் சுற்றோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு தவளை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கும். அந்த அண்ணாவை நான் கண்டதே இல்லை. குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். அந்த ஆண்டு முழுக்க எனக்கு அவர்தான் கூட்டாளி.

காகிதத்தை நம்பிக்கொண்டிருக்கலாம் என்றும் சொல்லமாட்டேன். 2022 மார்ச்சில் கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள், அச்சடிக்கக் கடதாசி இல்லை. அதே மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. திரையில் படி என்றால் மின்சாரம் இல்லை, தாளில் படி என்றால் தாள் இல்லை. பிள்ளைகள் முற்றத்தில் கூடி விளையாடினார்கள். அது நல்ல காலம் என்று நான் சொல்லவில்லை. அரிசிக்கும் வரிசையில்தான் நின்றோம்.

#11 நெறியாளர் (வியாழன், மதியம் 12:10)

எந்த நிறுவன டேப்லெட் மலிவு என்ற ஆறு பதிவுகளை மின்னணுச் சாதனங்கள் பகுதிக்கு மாற்றிவிட்டேன். மயிலிறகு பற்றிய நான்கு பதிவுகளை மாற்ற இடம் தெரியவில்லை, நீக்கிவிட்டேன்.

#12 மூன்றாம் பெஞ்சு (வியாழன், மாலை 4:44)

ஒரு சந்தேகம். அச்சில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்று எல்லோரும் நம்புகிறோமே, அதற்காவது ஆதாரம் உண்டா, இல்லை அதுவும் மயிலிறகுதானா?

#13 கணக்கு வாத்தியார் (வியாழன், இரவு 7:20)

உண்டு. 2018இல் ஸ்பெயின், இஸ்ரேல் ஆய்வாளர்கள் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 1.7 லட்சம் பேருக்கு மேல். செய்தி சொல்லும் உரைநடையை, அதிலும் நேரக் கெடுவோடு படிக்கும்போது, அச்சில் படித்தவர்களுக்குப் புரிதல் சற்று மேல். கதை படிப்பதில் வித்தியாசம் இல்லை. ‘சற்று’ என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். என் வகுப்பில் எதிலும் ஏறாதவர்களும் உண்டு. அவர்கள் மதியம் சத்துணவு முடிந்ததும் அபாரமாகக் கபடி ஆடுகிறார்கள்.

#14 அரியலூர்க்காரி (சனி, இரவு 9:05)

எல்லோருக்கும் நன்றி. இடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல பெண், என்னைவிடப் பத்து வயது சிறியவர். சுவர்ப் பக்கம் உட்கார வைத்தது தண்டனை அன்று, ஒயர் எட்டும் இடம் அது ஒன்றுதான் என்றார். போய்ப் பார்த்தேன், உண்மைதான். நாற்பது பிள்ளைகளுக்கு டேப்லெட் கொடுத்த அறையில் பிளக் பாயின்ட் இரண்டு. ஒன்றில் ஸ்மார்ட் போர்டு ஓடுகிறது.

வெள்ளி மாலை, நால்வரில் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பஜ்ஜி போட்டேன். சமையலறையில் என்னிடம் தானாகவே சொன்னாள். அந்தப் பீரியடில் பாடத்தின் நடுவே கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தனவாம். ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி. யார் முதலில் விடை தொடுகிறார்களோ அவர்கள் பெயர் ஸ்மார்ட் போர்டில் மேலே ஏறும், தாமதித்தால் கீழே இறங்கும். “திரும்பினால் என் பெயர் இறங்கிவிடும் ஆன்ட்டி. மூன்றாவது இடத்தில் இருந்தேன்.” சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அந்தக் குழந்தையின் மேல் கோபம் வரவில்லை. மற்ற மூவரைப் பற்றிக் கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அவர்கள் கேள்வி இல்லாத நேரத்திலும் திரும்பவில்லை போலிருக்கிறது.

இதை மகளிடம் நான் சொல்லவில்லை. அவள் சமையலறை வாசலில் நின்று கேட்டிருக்கிறாள்.

இருவருமாக மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது, செவிவழி எழுதியதை நினைத்துக்கொண்டு நான் கீழேயே இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமையும் அதே பாடம், அதே கேள்விகள் உண்டு. சற்றுமுன் “டேப்லெட்டைச் சார்ஜில் போட்டாயா?” என்று கேட்டேன். “நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன்” என்றாள். ஒயர் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஞாயிறு இரவும் அவள் மறந்துவிடுவாள் என்று தோன்றுகிறது. நினைவூட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

#15 மூன்றாம் பெஞ்சு (சனி, இரவு 9:11)

நினைவூட்டாதீர்கள். திங்கள் மாலை என்ன ஆயிற்று என்று மட்டும் எழுதுங்கள்.